திரையில் கண்ட முன்னோர்

நோன்புப் பெருநாளுக்கு மறுநாள் மாலை, வெளியூர்களிலிருந்து வந்திருந்த பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் கூடத்தில் அமர்ந்து தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தனர். ஏதோ ஓர் அலைவரிசையில் 'முகலே ஆஸம்' ஓடிக்கொண்டிருந்தது. 2004ஆம் ஆண்டில் முழுவதும் வண்ணம் ஏற்றி வெளியிடப்பட்ட பிரதி அது. பேரரசர் அக்பரின் கொலுமண்டபம், வரிசை வரிசையாக நிற்கும் அமீர்கள், மயிற்றோகை விசிறும் பணிப்பெண்கள். வாயில் வைத்த பலகாரத்தை மெல்லவும் மறந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்த என் பேத்தி, பத்து வயதுக் குழந்தை, திடீரென்று என் பக்கம் திரும்பினாள்.

"அப்பா, இவங்கல்லாம் நம்ம ஆளுங்கதானே? நம்ம முன்னோருங்க இப்படி அரண்மனையிலதான் இருந்தாங்களா?"

எங்கள் கடற்கரை ஊர்களில் தந்தையை 'வாப்பா' என்பதும் பாட்டனாரை 'அப்பா' என்பதும் வழக்கம். "இல்லம்மா, நம்ம ஆளுங்க அரண்மனையில இருக்கல" என்றேன். அவள் விட்டுவிடவில்லை. "பின்ன எங்கே இருந்தாங்க?" என்றாள்.

முதல் வினாவுக்கு விடை சொல்லிவிட்டேன். இரண்டாவது வினாவுக்கு அன்றிரவு என்னால் விடை சொல்ல இயலவில்லை. அறுபது ஆண்டுகளாக நான் பார்த்த படங்களையும் தொடர்களையும் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தேன். அந்தக் குழந்தையிடம், "இதோ பார், இவர்கள்தாம் நம் முன்னோர்" என்று சுட்டிக்காட்டத் தக்க காட்சி அவற்றுள் எங்கேனும் உண்டா என்பதே என் தேடலாயிற்று.

நான் திரைக்கலை கற்றவனல்லன். பொழுதுபோகப் பார்த்தவன், பார்த்ததில் பாதியை மறந்தவன். எங்கள் இளமையில் படக்கொட்டகைக்குச் செல்வது மார்க்கத்துக்கு ஒவ்வாத செயல் என்று பெரியோர் கண்டித்தனர். மதரஸாவில் உஸ்தாதுக்குத் தெரிந்துவிட்டால் பிரம்படி நிச்சயம். ஆயினும் 1961ஆம் ஆண்டில், 'முகலே ஆஸம்' தமிழில் மொழிமாற்றம் செய்யப்பட்டு 'அக்பர்' என்னும் பெயரில் வந்தபோது, என் தாய்மாமன் ஒரு தந்திரம் செய்தார். "சரித்திரப் படம், பள்ளிப் பாடத்துக்கு உதவும்" என்று என் உம்மாவிடம் சொல்லி என்னை அழைத்துச் சென்றார். பாடத்துக்கு அது உதவவில்லை. தேர்வில் அக்பரின் நிலவரி முறையைக் கேட்டிருந்தார்கள். நானோ அனார்கலியைப் பற்றி எழுதிவிட்டு வந்தேன்.

அந்தப் படத்தின் தமிழ்ப் பிரதி வணிகத்தில் தோற்றது. உருதுவில் இடிமுழக்கமாக ஒலித்த உரையாடல், தமிழில் உதட்டசைவுக்கு ஏற்ப வெட்டி ஒட்டப்பட்டு வலுவிழந்ததும் அதற்கு ஒரு காரணமாயிருக்கலாம். பிற்காலத்தில் மூலப்படத்தைப் பார்த்தபோதுதான் அதன் கம்பீரம் எனக்கு விளங்கிற்று. 1960ஆம் ஆண்டு ஆகஸ்டு 5ஆம் நாள் வெளிவந்த அப்படத்தை எடுத்து முடிக்க, இயக்குநர் கே. ஆஸிப் தம் இளமை முழுவதையும் செலவிட்டார். 1940களில் வேறு நடிகர்களைக் கொண்டு தொடங்கிய படப்பிடிப்பு, 1947ஆம் ஆண்டின் பிரிவினையால் குலைந்தது. பணம் போட்டவர் பாகிஸ்தானுக்குச் சென்றுவிட்டார். பின்னர் ஷாபூர்ஜி பல்லோன்ஜி என்னும் பார்ஸிப் பெருவணிகர் பொருளுதவி செய்ய, பிரிதிவிராஜ் கபூர் அக்பராகவும், திலீப்குமார் என்று பெயர் மாற்றிக்கொண்ட பெஷாவர் யூசுப் கான் சலீமாகவும், மும்தாஜ் ஜஹான் பேகம் என்னும் இயற்பெயர் கொண்ட மதுபாலா அனார்கலியாகவும் நடிக்க, பணி மீண்டும் தொடங்கிற்று. இசை நவ்ஷாத். ஒரு பாட்டுக்குச் சில நூறு ரூபாய் ஊதியம் பெறும் வழக்கமிருந்த அக்காலத்தில், உஸ்தாத் படே குலாம் அலி கானுக்கு ஒரு பாட்டுக்கு 25,000 ரூபாய் கொடுத்துப் பாடவைத்தார்கள் என்றால், ஆஸிபின் வெறியை என்னவென்பது!

படத்தின் தொடக்கத்தில் இந்நாட்டின் வரைபடமே எழுந்து நின்று தன் கதையைச் சொல்லும். சிறுவயதில் அதனை வெறும் வேடிக்கையாகவே பார்த்தேன். இன்று பார்க்கையில் வேறொன்று புலப்படுகிறது. நாடு இரண்டாகப் பிளந்து பதின்மூன்று ஆண்டுகளே ஆகியிருந்த வேளை அது. இம்மண்ணில் வேரூன்றி நின்ற ஒரு முஸ்லிம் மன்னரை, இம்மண்ணே தன் மகனாக ஏற்றுச் சொல்வதாகக் கதையை அமைத்தவர்கள், 1947ஆம் ஆண்டின் புண்ணுக்கு மருந்திட முயன்றிருக்கிறார்கள். அக்பர் கண்ணன் திருநாளில் தொட்டிலை ஆட்டும் காட்சியையும் அவ்வாறே கொள்ளவேண்டும்.

ஆனால் சரித்திரம்? அங்கேதான் சிக்கல். அபுல் பஸல் எழுதிய 'அக்பர் நாமா'வில் அனார்கலி என்றொரு பெண் இல்லை. தாம் கண்ட பறவைகளையும் உண்ட பழங்களையும்கூட நுணுக்கமாக எழுதிவைத்த ஜஹாங்கீர், தம் வாழ்க்கைக் குறிப்பில் அவளைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லாகூருக்கு வந்த வில்லியம் பிஞ்ச் என்னும் ஆங்கில வணிகர், சலீம் மீது கொண்ட ஐயத்தால் அக்பர் தம் அந்தப்புரப் பெண்ணொருத்தியைச் சுவரில் வைத்து மூடச் செய்தார் என்று ஊரார் பேசிக்கொண்டதை எழுதிவைத்தார். லாகூரில் அனார்கலியின் அடக்கத்தலம் என்று சொல்லப்படும் எண்கோணக் கட்டடம் இன்றும் உள்ளது. அரசின் பழைய ஆவணங்கள் அங்கே காக்கப்பட்டு வருகின்றன. அதனுள் அடங்கியிருப்பவர் யார் என்பதில் ஆராய்ச்சியாளரிடையே ஒருமித்த கருத்தில்லை. 1922ஆம் ஆண்டில் இம்தியாஸ் அலி தாஜ் எழுதிய உருது நாடகமே இக்கதைக்கு இன்றைய வடிவத்தைத் தந்தது.

சலீம் தந்தைக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தது உண்மை. அதற்குக் காரணம் காதலன்று, அரியணை. 1600ஆம் ஆண்டையொட்டி அவர் அலகாபாத்தில் தனிக் கொலு வைத்துக்கொண்டார். 1602ஆம் ஆண்டில் அபுல் பஸலையே பீர்சிங் தேவ் என்பவரைக் கொண்டு கொல்வித்தார்; அதைத் தாமே பின்னர் ஒப்புக்கொண்டும் எழுதினார். அப்போது அவருக்கு முப்பது வயதைத் தாண்டியிருந்தது, மனைவியர் பலர், வளர்ந்த பிள்ளைகளும் இருந்தனர். படத்தில் வரும் 'ஜோதாபாய்' என்னும் பெயரும் அக்பர் காலத்து ஏடுகளில் இல்லை. சலீமைப் பெற்ற அம்மையார் ஆம்பர் மன்னர் பார்மலின் மகளார். மரியமுஸ் ஸமானி என்பது அவர் பெற்ற பட்டம். ஜோத்பூரிலிருந்து வந்தவர் ஜஹாங்கீரின் மனைவி, ஷாஜஹானின் தாயார். மாமியாருக்கு மருமகளின் பெயர் ஒட்டிக்கொண்டது!

இன்னொன்று. அந்தக் கண்ணாடி மண்டபம். அதைக் கட்டி முடிக்க இரண்டாண்டுகள் ஆயின என்பர். கறுப்பு வெள்ளைப் படத்தில் அந்தப் பாட்டு வண்ணத்தில் வரும்போது கொட்டகையே மூச்சு விடாமல் இருந்ததை நானறிவேன். லாகூர்க் கோட்டையிலுள்ள ஷீஷ் மஹாலை மாதிரியாகக் கொண்டு அமைத்தனராம். லாகூர் ஷீஷ் மஹாலோ 1630களின் தொடக்கத்தில் ஷாஜஹான் கட்டியது. 1605ஆம் ஆண்டிலேயே மறைந்துவிட்ட அக்பர் அங்கே எவ்வாறு அமர்ந்து ஆட்டம் பார்த்திருக்க முடியும்?

இவையெல்லாம் தெரிந்த பின்னும் அந்தப் படத்தின்பால் எனக்குள்ள ஆசை குறையவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். கதை கதையாக இருக்கட்டும். ஆனால் அதைத் தங்கள் குடும்ப வரலாறாக எண்ணி எம் பிள்ளைகள் பெருமிதம் கொள்வதில்தான் ஆபத்திருக்கிறது. நமக்குச் சொந்தமில்லாத அரண்மனையை ஒருவர் நம் பெயரில் எழுதி வைத்தால், நாளைக்கு அந்த அரண்மனையின் கடனையும் பாவத்தையும் நம் கணக்கில்தானே எழுதுவார்கள்? இன்று அவ்வாறு எழுதுவோர் இருக்கிறார்கள் என்பதை வாசகர் அறிவர்.

தமிழ்நாட்டு முஸ்லிம்களுக்கும் முகலாய அரண்மனைக்கும் என்ன உறவு? பாபர் 1526ஆம் ஆண்டில் பானிப்பட்டில் வெற்றி கொண்டபோது நம் கடற்கரையில் பள்ளிவாசல்கள் பழமையெய்தியிருந்தன. அதற்கு இரு நூற்றாண்டுகளுக்கும் முன்னரே மார்க்கோ போலோ காயல் துறைமுகத்தின் செழிப்பை எழுதிவிட்டார். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப் கூறுவதைக் கேளுங்கள்: பாரசீக வளைகுடாவின் கைஸ் தீவிலிருந்து மலிக்குல் இஸ்லாம் ஜமாலுத்தீன் ஆண்டுதோறும் தம் சொந்தக் குதிரைகளில் 1,400ஐ மஃபருக்கு, அதாவது நம் கரைக்கு, அனுப்புவதாக ஒப்பந்தமிருந்தது. அவருடைய சகோதரர் தகியுத்தீன் பாண்டியருக்கு அமைச்சராக இருந்தார். பாண்டியன் அவையில் ஒரு முஸ்லிம் அமைச்சர்! பாய்மரக் கப்பல்களிலிருந்து மணற்கரையில் குதிரைகள் இறங்கும் காட்சியை எண்ணிப் பாருங்கள். கண்ணாடி மண்டபத்தைவிட அது அழகிற் குறைந்ததா? அதனை எந்தப் படத்திலும் நான் கண்டதில்லை.

தமிழ்த் திரை நமக்குக் காட்டிய முதல் ஊர் பாக்தாத். சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 1956ஆம் ஆண்டில் வெளியிட்ட 'அலிபாபாவும் 40 திருடர்களும்' தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம். எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்தனர். அதற்கு முந்திய ஆண்டில் 'குலேபகாவலி'. 1960ஆம் ஆண்டில் 'பாக்தாத் திருடன்'. துருக்கித் தொப்பி, தொளதொளக் காற்சட்டை, இடுப்பில் வளைந்த கத்தி. அவர்கள் முஸ்லிம்களா இல்லையா என்பதுகூடச் சிறுவனாயிருந்த எனக்கு விளங்கியதில்லை. அல்லாஹ்வின் பெயரைச் சொன்னார்கள். ஆனால் தொழுததை நான் பார்க்கவில்லை. அவற்றில் பகைமை ஏதுமில்லை, எவருக்கும் புண்படும்படி ஒன்றுமில்லை, சிரித்துவிட்டு வந்தோம். பேத்தியின் வினாவுக்கு அங்கே விடையுமில்லை.

'பாவமன்னிப்பு' வேறு வகை. 1961ஆம் ஆண்டில் பீம்சிங் இயக்கத்தில் வந்தது. அதிலேதான் நம் ஊரில் நடமாடும் ஒரு பெரியவரை நான் திரையில் முதன்முதலாகக் கண்டேன். நாகையா ஏற்ற இஸ்மாயில் சாயபு என்னும் பாத்திரம். தாடியும் தொப்பியும் அணிந்து, தமிழைத் தமிழாகவே பேசி, அண்டை வீட்டாரின் அன்புக்குரியவராக வாழும் மனிதர். பெருநாள் பாட்டொன்றில் டி.எம். சௌந்தரராஜனுடன் நாகூர் ஹனீபாவின் குரல் எழுந்தபோது, அரங்கில் என் பக்கத்தில் அமர்ந்திருந்த முதியவர் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தப் படத்துக்கு நம் சமுதாயம் கடன்பட்டிருக்கிறது. எனினும் ஒரு சிறு குறையைச் சொன்னால் நன்றி மறந்தவன் என்று எண்ணாதீர்கள். கதாநாயகன் ரஹீம் இஸ்மாயில் சாயபு எடுத்து வளர்த்த பிள்ளையேயன்றிப் பெற்ற பிள்ளையல்லன். சாயபுவின் சொந்தக் கதை என்ன? அவருடைய வாப்பா என்ன தொழில் செய்தார்? கடல் கடந்து போனவரா, பாய் நெய்தவரா? அதைப் படம் சொல்லவில்லை. அதன்பின் வந்த எத்தனையோ படங்களில் 'பாய்' வந்தார், நல்லவராகவே வந்தார், இரண்டு காட்சிகளில் நன்மை செய்துவிட்டுப் போனார். பிற்காலத்தில் கையில் துப்பாக்கியுடன் வந்தார். நல்லவராக வந்தபோதும் தீயவராக வந்தபோதும் அவருக்கு வீடு இல்லை, உம்மா இல்லை, பிழைப்பும் இல்லை.

சீதக்காதியின் பெயரில் 2018ஆம் ஆண்டில் ஒரு தமிழ்ப்படம் வந்தது. உமறுப் புலவரை ஆதரித்த கீழக்கரை வள்ளலாரைக் காணலாம் என்று ஆவலுடன் அமர்ந்தேன். அது மறைந்த ஒரு நாடக நடிகரின் கலை மறையாமல் தொடர்வதைப் பற்றிய கதை! இறந்த பின்னும் கொடுத்தவர் என்னும் பழமொழிக்காக அப்பெயரை எடுத்துக்கொண்டனர். நல்ல படந்தான். வள்ளலார் இம்முறை தம் பெயரையும் கொடுத்துவிட்டார்.

தொலைக்காட்சிக்கு வருகிறேன். சென்னையில் தொலைக்காட்சி நிலையம் 1975ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் தொடங்கப்பட்டாலும், தென்கோடியிலிருந்த எங்களுக்கு அது எட்டவில்லை. 1982ஆம் ஆண்டில் இலங்கை ரூபவாஹினி தொடங்கியபின், உயரமான கம்பம் நட்டு ஆன்டெனாவைத் தென்கிழக்கே திருப்பியவர்கள் கடல் கடந்து வந்த படத்தைப் புள்ளிமழைக்கிடையே பார்த்தனர். தூர்தர்ஷன் எங்கள் வீட்டுக்கு வந்தது அதற்குச் சில ஆண்டுகள் கழித்து. அத்துடன் ஒரு மாறுதலும் நேர்ந்தது. கொட்டகைக்கு ஒருநாளும் செல்லாத என் உம்மா, கூடத்துக்குள் வந்த திரையைப் பார்க்கத் தொடங்கினார்கள். முதலில் கதவின் மறைவில் நின்று, பின்னர் நிலைப்படியில் அமர்ந்து, பின்னர் எங்களுடன்.

வீடியோ கேசட் வாயிலாக நாங்கள் குடும்பத்துடன் பார்த்த படம் 'தி மெஸேஜ்'. சிரியாவின் அலெப்போவில் பிறந்த முஸ்தபா அக்காத் 1976ஆம் ஆண்டில் எடுத்தது. ஒரே அரங்கமைப்பில் ஆங்கிலத்துக்கு ஒரு குழு, அரபுக்கு ஒரு குழு என இருமுறை படமாக்கினார். ஆங்கிலத்தில் ஹம்ஸா (ரலி) அவர்களாக ஆண்டனி குயின். அரபில் அப்துல்லாஹ் கைத். அண்ணல் நபி (ஸல்) அவர்களின் உருவமோ நிழலோ குரலோ படத்தில் இல்லை. பேசுவோர் திரைக்கு வெளியே, நம்மை நோக்கிப் பேசுகின்றனர். அந்தக் காட்சிகளில் என் உம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு ஸலவாத்து ஓதியதை நான் மறக்கமாட்டேன். அப்படத்தைக் குறித்து அன்றும் இன்றும் ஆலிம்களிடையே வேறுபட்ட கருத்துண்டு. அதில் நுழைய எனக்குத் தகுதியில்லை. அது தீனின் வரலாறு. பேத்தி கேட்டது குடும்பத்தின் வரலாறு.

தூர்தர்ஷனில் 1988ஆம் ஆண்டில் குல்ஸார் இயக்கிய 'மிர்ஸா காலிப்' தொடர் வந்தது. 1990ஆம் ஆண்டில் 'திப்பு சுல்தானின் வாள்' வந்தது. திப்புவின் தொடருக்காக மைசூரில் நடந்த படப்பிடிப்பில் 1989ஆம் ஆண்டு பிப்ரவரியில் தீப்பற்றி ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். கதாநாயகனாக நடித்த சஞ்சய் கானும் கடும் தீக்காயமுற்றார். ஒளிபரப்புக்கு எதிர்ப்பெழுந்து வழக்கு மன்றம் வரை சென்றது. முடிவில், இது கற்பனைக் கதை என்னும் அறிவிப்புடன் அதனை ஒளிபரப்பினர். எத்தனையோ மன்னர்களின் கதைகளை அறிவிப்பேதுமின்றிப் பார்த்த எங்களுக்கு அது உறுத்தியது. ஆயினும் 1976ஆம் ஆண்டில் பகவான் கித்வானி எழுதிய புதினமே தொடரின் மூலம் என்பதும் உண்மை. புதினத்தைப் புதினம் என்று சொல்வதில் தவறென்ன என்று என் நண்பரொருவர் கேட்டதற்கு என்னால் நேரான மறுமொழி சொல்ல இயலவில்லை.

காலிப் தொடர்தான் என் நெஞ்சைத் தொட்டது. நஸீருத்தீன் ஷா அந்தக் கவிஞராகவே வாழ்ந்தார். ஜக்ஜித் சிங்கின் இசையைப் பொருள் தெரியாமலே கேட்டோம்; ஆம்பூரிலிருந்து மாற்றலாகி வந்திருந்த உருது ஆசிரியரொருவர் அடுத்த நாள் பொருள் சொல்வார். அதிலே அரண்மனை இருந்தது, ஆனால் இடிந்துகொண்டிருந்தது. 1797ஆம் ஆண்டில் ஆக்ராவில் பிறந்து, பதின்மூன்று வயதில் மணமுடித்து, பிறந்த ஏழு குழந்தைகளையும் மழலையிலேயே பறிகொடுத்து, ஓய்வூதிய வழக்குக்காகக் கல்கத்தா வரை அலைந்து, சூதாடிய குற்றத்துக்காக 1847ஆம் ஆண்டில் சிறையும் சென்ற மனிதர் காலிப். கடன்காரர் வாசலில் நிற்க, உள்ளே கவிதை பிறக்கும். 1854ஆம் ஆண்டில் கடைசி முகலாய மன்னர் பகதூர் ஷா ஸபருக்கு அவர் ஆசானாக அமர்ந்தார். மூன்றே ஆண்டுகளில் 1857ஆம் ஆண்டின் புரட்சி. மன்னரை ஆங்கிலேயர் கைது செய்து, விசாரணை என்றொன்றை நடத்தி, 1858ஆம் ஆண்டில் இரங்கூனுக்கு நாடுகடத்தினர். அந்த ஊர்ப்பெயரைக் கேட்டதும் என் வாப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அதன் காரணத்தைப் பின்னர்ச் சொல்கிறேன்.

இவற்றுக்கெல்லாம் அப்பால் ஒரு படம் உண்டு. எம்.எஸ். சத்யு இயக்கிய 'கரம் ஹவா'. வெங்காற்று என்று பொருள். இஸ்மத் சுக்தாயின் அச்சேறாத கதையொன்றைக் கொண்டு கைஃபி ஆஸ்மியும் ஷமா ஸைதியும் எழுதினர். அரசின் திரைப்பட நிதிக் கழகம் இரண்டரை இலட்சம் ரூபாய் கொடுத்தது. கண்ணாடி மண்டபப் பாட்டு ஒன்றுக்கான செலவில் இது எத்தனையில் ஒரு பங்கோ! தணிக்கையில் பல மாதங்கள் முடங்கிக் கிடந்து, 1974ஆம் ஆண்டில் மக்களுக்குக் காட்டப்பட்டது. ஒருமைப்பாட்டுக்கான தேசிய விருதையும் பெற்றது. அதனை நாங்கள் பார்த்தது பல்லாண்டுகள் கழித்து, ஓரிரவு, தொலைக்காட்சியில்.

கதை நடப்பது ஆக்ராவில். தாஜ்மஹாலின் நிழலில் என்றே சொல்லலாம். ஆனால் கதாநாயகர் அரசரல்லர், செருப்புப் பட்டறை வைத்திருக்கும் சலீம் மிர்ஸா. அந்தப் பெயரைக் கவனியுங்கள். அங்கும் ஒரு சலீம். பிரிவினைக்குப் பின் உறவினர் ஒவ்வொருவராக ரயிலேறுகின்றனர். ஒவ்வொருவரையும் வழியனுப்பிவிட்டுக் குதிரை வண்டியில் திரும்பும் மிர்ஸா, "எங்கும் போகமாட்டோம்" என்னும் உறுதியுடன் பட்டறையைத் திறக்கிறார். போனவருடைய சொத்து என்பதால் வங்கி கடன் தருவதில்லை. இன்றிருப்பவர் நாளை இருப்பாரோ என்று வணிகர் ஐயுறுகின்றனர். குடியிருக்கும் வீடு, ஓடிப்போன அண்ணனின் பெயரில் இருந்த ஒரே காரணத்தால், வெளியேறியோர் சொத்தாகி அரசின் கைக்குப் போகிறது. அதற்குப் புதிதாக உரிமை பெறுகிறவர் சிந்துவிலிருந்து அகதியாய் வந்த இந்து வணிகர். அவரைத் தீயவராகக் காட்டாததில்தான் படத்தின் நேர்மை இருக்கிறது. அவரும் எங்கோ ஒரு வீட்டை இழந்தவர்.

வீட்டைக் காலி செய்யும் நாளில் மிர்ஸாவின் முதிய தாயார் வரமறுத்து விறகு அடுக்கிய அறையில் ஒளிந்துகொள்கிறார். தூக்கிக்கொண்டுதான் போகவேண்டியிருக்கிறது. பின்னர் இறக்கும் தறுவாயில், தாம் மணப்பெண்ணாக வந்த அந்த வீட்டை ஒருமுறை பார்க்கவேண்டும் என்கிறார். பல்லக்கில் வைத்துக் கொண்டுவருகின்றனர். அந்த மூதாட்டியாக நடித்தவர் தொழில்முறை நடிகையல்லர். ஆக்ராவிலேயே தேடிக் கண்டுபிடிக்கப்பட்ட பதர் பேகம் என்பவர். குரல் மட்டும் தீனா பாடக்கினுடையது. மிர்ஸாவாக நடித்த பல்ராஜ் சாஹ்னி, தம் குரற்பதிவை முடித்த மறுநாள், 1973ஆம் ஆண்டு ஏப்ரல் 13ஆம் நாள் காலமானார். தாம் நடித்த படத்தை அவர் முழுமையாகப் பார்க்கவில்லை.

என் உம்மாவுக்கு உருது ஒரு சொல்லும் தெரியாது. ஆனாலும் அந்த விறகறைக் காட்சி வந்ததும் எழுந்து உள்ளே போய்விட்டார்கள். சற்று நேரம் கழித்து அடுக்களையிலிருந்து, "அந்தக் கிழவிய வீட்டுக்குக் கொண்டாந்துட்டாங்களா?" என்று கேட்டார்கள். "கொண்டாந்துட்டாங்க உம்மா" என்றேன். "அல்ஹம்துலில்லாஹ்" என்ற குரல் மட்டும் வந்தது. என் வாப்பாவோ வாய் திறக்காமல், படம் முடிந்த பின்னும் வெற்றுத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வாப்பாவின் கடை இரங்கூன் மொகல் தெருவில் இருந்தது. கைலியும் துணிமணியும் விற்கும் சிறு கடை. அதை முதலில் வைத்தவர் என் பாட்டனார். 1941ஆம் ஆண்டு டிசம்பரில் ஜப்பானியர் இரங்கூனில் குண்டு வீசியதும், இலட்சக்கணக்கான இந்தியருடன் அவர் காட்டுவழியே நடந்து வந்தார். உடன் புறப்பட்ட தம்பி வந்து சேரவில்லை. போர் முடிந்ததும் என் வாப்பா மீண்டும் கப்பலேறிப் போய்க் கடையைத் திறந்தார்கள். பிள்ளைகளாகிய எங்களுக்கு அவர்கள் இரண்டாண்டுக்கொரு முறை வந்துபோகும் விருந்தாளி. 1962ஆம் ஆண்டில் பர்மாவில் இராணுவ ஆட்சி வந்தது. 1964ஆம் ஆண்டில் கடைகள் அரசுடைமையாயின. மே மாதத்தில் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தனர். அவ்வாண்டின் இறுதியில் வாப்பா ஒரு தகரப் பெட்டியுடன் சென்னைத் துறைமுகத்தில் வந்திறங்கினார்கள். சலீம் மிர்ஸாவின் வீட்டுக்கதை அவர்களுக்கு யாரும் மொழிபெயர்த்துச் சொல்லவேண்டியதாயில்லை.

பர்மாவிலிருந்து நடந்து வந்தவர்களின் துயரைத் தமிழ்த்திரை காட்டியதே இல்லையா என்றால், காட்டியது. 1952ஆம் ஆண்டின் 'பராசக்தி' இரங்கூனில் வாழும் தமிழ்க் குடும்பத்தைக் கொண்டே தொடங்குகிறது; போரில் சிதறி, ஒரு சகோதரன் காலிழந்து பிச்சைக்காரனாகி நாடு திரும்புகிறான். அந்த வழியில் நடந்தவர்களுள் எங்கள் பாட்டனார்களும் இருந்தனர். கரையோர ஊர்களில் அந்தக் கதை இல்லாத முஸ்லிம் வீடுகள் குறைவு. கப்பலேறியவர், திரும்பாதவர், திரும்பி வந்து திண்ணையில் அமர்ந்தவர், அவருக்காக வாசலையே பார்த்திருந்த பெண்கள்: இவர்களே பேத்தி கேட்ட முன்னோர். திரைக்கு வராமலே போனவர்கள்.

காலிப் தொடரில் இரங்கூன் என்றதும் வாப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார்கள் என்றேனல்லவா? பகதூர் ஷா ஸபர் 1862ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் அங்கேதான் இறந்தார். இடம் தெரியாதபடி ஆங்கிலேயர் அவரை அடக்கினர். பின்னர் அவ்விடத்தில் எழுந்த தர்காவுக்கு இரங்கூன் முஸ்லிம்கள் ஸியாரத்துக்குச் செல்வது வழக்கமாயிற்று. உண்மையான மண்ணறை எதுவென்பது 1991ஆம் ஆண்டில் நிலத்தைத் தோண்டியபோதுதான் தெரிந்தது. "நாங்க போவோம், பாதுஷாவுக்குன்னு யாரு இருக்கா அங்கே" என்று வாப்பா அன்றிரவு சொன்னார்கள். அக்பரின் வழியில் வந்த கடைசி மன்னருக்கு அயல்மண்ணில் பாத்திஹா ஓதியவர்களுள் கைலி விற்கப் போன எங்கள் ஊர்க்காரர்களும் இருந்தனர்.

பெருநாள் விருந்தினர் எல்லாரும் புறப்பட்டுப் போன பின், பேத்தியை மட்டும் நிறுத்திக்கொண்டு பரணிலிருந்த தகரப் பெட்டியை இறக்கினேன். உள்ளே வாப்பாவின் கணக்கேடு ஒன்று இருக்கிறது, 1950ஆம் ஆண்டுக்குரியது. தமிழை அரபு எழுத்தில் எழுதும் அரபுத்தமிழில் எழுதப்பட்டது. எங்கள் வீட்டில் அதைப் படிக்கத் தெரிந்தவன் இன்று நான் ஒருவனே. பர்மாவில் அப்போது ரூபாயும் அணாவுமே புழக்கத்தில் இருந்தன. கைலிக் கட்டு இத்தனை, சுங்கம் இவ்வளவு, ஊருக்கு மணியார்டர் இவ்வளவு என்று படித்துக்கொண்டே வந்தேன். ஒரு தாளின் அடியில் நின்றேன்.

"பாதுஷா தர்கா. பூவும் சாம்பிராணியும். எட்டணா."

அவள் ஏட்டைத் தன் பக்கம் திருப்பி வைத்து அந்த வரியில் விரலை ஓட்டிக்கொண்டு, "இதுல எது எட்டு, அப்பா?" என்றாள்.